புகை வராத கரி

பிள்ளை பெற்றவளை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால், "ஜன்னலைத் திறந்து விட்டிருக்கலாமே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் ஜன்னல் என்பது பழைய சேலையைச் சுருட்டி அடைப்பதற்கென்று விட்டு வைத்த ஓட்டை. காற்று என்றால் ஜன்னி, ஜன்னி என்றால் சாவு. இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும் இருந்ததில்லை.

என் சந்தேகமெல்லாம் நெருப்பின் மேல்தான். அது இன்றைக்கும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். வேதியியல் எனக்குக் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. அதனால் எங்காவது குழப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு முன்னால் தெரு, பின்னால் அப்பாவின் பூட்டுப் பட்டறை. வாசலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். கொல்லைப் பக்கம் போனால் துருத்தி ஊதும் சத்தமும் அரம் தேய்க்கும் சத்தமும்தான். அக்காவைச் செம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்து, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்தது, முடிந்த பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டு அடுக்கி வைக்கிற சின்ன அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலில் சாக்கை அடித்து, அதன்மேல் சேலையை அடைத்தார் அம்மா. கதவின் கீழ்ச் சந்துக்கும் ஒரு துணி. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு அண்ணன் பிறந்து, பெயர் வைப்பதற்குள் ஜன்னி கண்டு போய்விட்டான். அதைப் பற்றி அம்மா பேசி நான் கேட்டதில்லை. அந்த அறையின் சந்துகளை அவர் அடைத்த விதத்தில்தான் அது தெரிந்தது. ஒவ்வொரு சந்திலும் விரலை வைத்துப் பார்ப்பார், குளிர்ச்சி பட்டால் இன்னும் கொஞ்சம் துணி கிழிப்பார்.

மார்கழிக் குளிருக்குக் கணப்புச் சட்டி வைக்க வேண்டுமே. மற்ற வீடுகளில் விறகுக் கங்கை அள்ளி வைப்பார்கள், அது புகையும். புகைந்தால் பிள்ளைக்குக் கண் எரியும், இருமல் வரும், வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிடுவார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நாங்கள் பூட்டுப் பட்டறைக்காரர்கள்.

பட்டறையில் பூட்டின் பாகங்களைக் கம்பி வைத்துக் கட்டி, மூட்டுகளில் பித்தளைத் துண்டும், அது உருகி ஒட்டுவதற்கு வெங்காரமும் வைத்து, கரித்தூள் கலந்த களிமண்ணால் மூடி உலையில் வைப்பார்கள். மண் உருண்டை பழுத்ததும் வெளியே எடுத்து, ஆறியபின் உடைத்தால், பித்தளை உருகி ஓடி மூட்டுகளைப் பிடித்திருக்கும். இரும்பு கறுக்காமல் சுத்தமாக வெளியே வரும். அந்த வேலைக்கு ஒன்றாம் நம்பர் கருவேலங்கரி வேண்டும். அந்தக் கரியில் பொறுக்கியெடுத்த கட்டிகளை அப்பா தனியாக ஒரு கூடையில் போட்டு வைத்தார். உலையில் வைத்துச் சிவக்கப் பழுக்க விட்டு, சட்டியில் எடுத்துத் தானே சுமந்துகொண்டு வருவார்.

"பொட்டுப் புகை வராது பாரு. ஏம் பேரனுக்குன்னு பொறுக்குன கரி" என்பார்.

உண்மைதான், புகை வராது. முதலில் கங்கின் மேல் சின்னச் சின்னதாக நீல நிறத்தில் சுடர் ஆடும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். செத்த நேரத்தில் அம்மா வந்து, கங்கு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று மேலே சாம்பலைப் போட்டு மூடிவிடுவார். நீலம் காணாமல் போகும். சூடு மட்டும் இருக்கும். நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம். புகையாத நெருப்பைப் பற்றி யாரும் ஒரு பழமொழியும் சொல்லி வைக்கவில்லை.

அந்த மாதம்தான் பள்ளியில் எரிதல் பாடம் நடந்தது.

எங்கள் சயின்ஸ் டீச்சர் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். கண்டிப்பானவர், ஆனால் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார். மக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் காட்டி, சாம்பலைத் தராசில் வைத்து, எரிவதற்கு முன் இருந்ததைவிட எடை கூடியிருக்கிறது பாருங்கள் என்றார். நாங்கள் பார்த்தோம். தராசும் கூடுதலாகத்தான் காட்டியது. வகுப்பில் ஒருத்திக்கும் நம்பிக்கை வரவில்லை.

"எரியிறதுன்னா அழிஞ்சு போறதுன்னு நினைச்சிட்டிருக்கீங்க. இல்லம்மா, அது சேர்றது. காத்துல இருக்கிற பிராணவாயுவோட சேர்றது" என்றார்.

இப்போது பிள்ளைகள் ஆக்ஸிஜனேற்றம் என்றும் ஆக்ஸிஜன் ஒடுக்கம் என்றும் அழகாக எழுதுகிறார்கள். எங்கள் டீச்சர் பச்சையாகச் சொல்லிவிட்டார். பிராணவாயு ஒன்றோடு சேர்ந்தால் சேர்த்தல், ஒன்றிடமிருந்து போனால் பறித்தல். ஓரிடத்தில் சேர்த்தல் நடந்தால் இன்னோரிடத்தில் பறித்தல் நடந்தே தீரும். தனியாக ஒன்று நடக்காது. இதைக் காட்டுவதற்காகக் கறுப்பாக இருந்த தாமிரப் பொடியையும் கரித்தூளையும் கலந்து சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினார். கறுப்புக்கு நடுவில் செப்புக் குடத்தின் நிறம் மினுக்கென்று வந்தது. தாமிரம் வைத்திருந்த பிராணவாயுவைக் கரி பறித்துக்கொண்டது என்றார். கரியைப் போலப் பறிக்கிறதில் கெட்டிக்காரன் கிடையாதாம்.

கடைசியாக, இரும்பு துருப்பிடிப்பதும் இதே சங்கதிதான், அது மெதுவாக எரிவது என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு என் தூக்கம் போயிற்று. துரு எங்கள் வீட்டுக்குச் சத்ருவல்லவா. சாயந்தரம் நேராக அப்பாவிடம் போய், "துருப்பிடிக்கிறதும் எரியிறதும் ஒண்ணுதானாம்ப்பா" என்றேன்.

அப்பா கையிலிருந்த பூட்டைக் கீழே வைக்காமலே, "அப்ப துருப்பிடிச்ச பூட்டைத் தொட்டா சுடணுமே" என்றார். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இன்னொன்றும் விளங்கவில்லை. எரிந்தால் எடை கூடும் என்றால், அக்காவின் அறைக்குள் கூடை கூடையாகப் போகிற கரி, திரும்பி வரும்போது ஏன் ஒரு கைச் சாம்பலாக வருகிறது? டீச்சரிடம் கேட்டேன். கரி பிராணவாயுவோடு சேர்ந்து வாயுவாகிவிடும், காற்றோடு காற்றாகப் போய்விடும் என்றார். சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "அப்ப அம்புட்டுக் கரியும் இந்த ரூமுக்குள்ளதாம்மா இருக்கணும்" என்றேன்.

"இருக்கும் இருக்கும். போயி சாம்பலைக் குப்பைக்குழியில கொட்டிட்டு வா" என்றார் அம்மா.

கொட்டிவிட்டு வந்தேன். கேள்வி சரியான கேள்விதான். அந்த நேரத்தில் அதைக் கையில் வாங்க ஆள் இல்லை.

அக்கா முதலில் தலைவலி என்றுதான் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி வராமல் இருக்குமா என்று சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார்கள். பிறகு வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். பத்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பூண்டைக் குறைத்தார்கள். கால் துவள்கிறது, கண் இருட்டுகிறது என்றாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், போட்ட இடம் அதே கணப்புச் சட்டி. குளிக்கக் கொல்லைக்கு வரும்போது மட்டும் தெளிவாக இருப்பாள். வெந்நீர் ஊற்றிவிடும் என்னிடம் பழையபடி கேலி பேசுவாள். திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், சாயந்தரத்துக்குள் பேச்சு குழறும்.

"அந்த ரூமு என்னைய அமுக்குதும்மா. என்னையக் கூடத்துல போட்டிருங்க" என்று அழுதாள்.

"தாயாகிட்டா இப்பிடித்தான் இருக்கும். பிள்ளை முகத்தைப் பாரு, எல்லாம் சரியாயிரும்" என்றார் அம்மா.

பிள்ளையோ தங்கமான பிள்ளை. அழுவதே இல்லை. பார்க்க வந்த பெண்கள் எல்லாம், இப்படித் தூங்கினால்தான் உடம்பு பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் அதை உலுக்கி உலுக்கி எழுப்பப் பார்த்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற தாயை யார் கண்டது? அந்தச் சமயம் பார்த்துத்தான் செம்பட்டியிலிருந்து அவளுடைய மாமியார் பிள்ளையைப் பார்க்க வந்தார். உயரமான பெண்மணி. சத்தம் போட்டுப் பேச மாட்டார், ஆனால் அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இருக்காது. அத்தானும் அவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அக்கா பிள்ளையை உலுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, இவ பார்வை சரியில்ல. இப்பிடியே போனா பிள்ளையை நான் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்து முதல் தடவையாக வாயால் சொல்லப்பட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் புத்தி கெடலடி. தலைதான் வலிக்குது" என்றாள்.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுக்குத் தெரிந்த யோசனைதான். ரொம்ப நாள் இறங்காத கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் கெட்ட காற்று இருக்கிறது, ஆள் இறங்கக் கூடாது. அணையாவிட்டால் இறங்கலாம். அப்பாவின் கூடப்பிறந்தவர் ஒருவர் விளக்கை இறக்காமல் இறங்கிக் கிணற்றுக்குள்ளேயே போனவர். அதனால் அப்பாவுக்கு விளக்கின் மேல் சாமி மேல் இருப்பதைப் போல நம்பிக்கை.

"அறையில காத்து கெட்டிருக்கா இல்லையான்னு பாத்துருவோம். அவ சொல்றதுக்கும் மதிப்புக் குடுக்கணும்ல" என்றார். வீட்டில் அக்கா சொன்னதைக் காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

கதவைச் சாத்தி, கணப்புச் சட்டியை எப்போதும்போல வைத்து, வெகுநேரம் கழித்து அரிக்கேனை ஏற்றித் தரையில் வைத்தார். கெட்ட காற்று கீழேதான் தங்கும் என்பது கிணற்றுப் பாடம். எல்லாரும் விளக்கைச் சுற்றி நின்றோம். சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார், எரிந்தது. பிள்ளையின் தூளிக்குக் கீழே வைத்தார், அங்கேயும் எரிந்தது. அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்தரம் பிள்ளையைப் பார்க்க வந்த டீச்சரிடமும் அப்பா கேட்டார். வகுப்பில் அவரே மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்துக் காட்டியவர் ஆயிற்றே. "விளக்கு எரியுதுன்னா பிராணவாயு வேணும்கிற அளவு இருக்குன்னுதாங்க அர்த்தம்" என்றார் டீச்சர். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கிணறும் பள்ளிக்கூடமும் ஒரே மாதிரி பேசி நான் கேட்டது அன்றுதான்.

அப்பா அரிக்கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "அறையில குத்தமில்ல" என்றார். குற்றம் வேறு எங்கே என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் அக்கா தலைவலி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலை. மார்கழி என்பதால் தெருவில் எல்லா வாசலிலும் கோலம் நடந்துகொண்டிருந்தது. நானும் சாணி உருண்டையில் பூசணிப்பூ சொருகிக்கொண்டிருந்தேன். உள்ளே சட்டி உடைகிற சத்தமும், கங்கில் தண்ணீர் விழுந்து சீறுகிற சத்தமும் கேட்டது. அக்கா பிள்ளையை வெறும் உடம்போடு தூக்கிக்கொண்டு தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். என்னைத் தாண்டி, கோலத்தை மிதித்துத் தெருவுக்குப் போய், தெருமுனைப் பொதுக்கிணற்றுப் பக்கம் திரும்பினாள். அங்கே கால் மடங்கி, கிணற்றுச் சுவரில் மோதி விழுந்தாள். பிள்ளையைக் கீழே விடவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிப்போய் அதைப் பிடுங்கினார்கள். துணிபோல் துவண்டு கிடந்த பிள்ளை, பனிக்காற்று முகத்தில் பட்டதும் வீறிட்டு அழுதது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அது அப்படி அழுது நான் கேட்டதில்லை.

இதற்குத் தெரு என்ன பெயர் வைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடப் போனாள். அவ்வளவுதான். அன்று பகலுக்குள் செய்தி செம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார்.

அப்போது நடந்ததுதான் இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம். வந்தவர் அக்காவைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, ராகுகாலம் கழிந்ததும் கிளம்பலாம் என்று பிள்ளையோடு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா புதுச் சட்டியில் கங்கு கொண்டு வந்து வைத்தார். அம்மா சாம்பல் போட்டு மூடினார். ராகுகாலம் முடிந்து கதவைத் தட்டினால் பதிலே இல்லை. இரண்டாவது முறை தட்டிய பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், வாசற்படியிலேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தார். முகம் வேர்த்திருந்தது. அம்மா உள்ளே போய்த் தூங்கிக் கிடந்த பிள்ளையை எடுத்து வந்தார்.

"இந்த ரூமுக்குள்ள என்னமோ இருக்கு மதினி. என் தலையைப் பிடிச்சு அமுக்குது" என்றார்.

அக்கா சொன்ன அதே வார்த்தை. கூடத்திலிருந்து அக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். இனிமேல் தன்னை நம்புவார்கள் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

நம்பினார்கள். அவளை ஏதோ பிடித்திருக்கிறது என்றுதான் நம்பினார்கள். அந்த அறையில் ஏதோ ஒரு காற்று கருப்பு இருக்கிறது, பச்சை உடம்புக்காரியை அது பிடித்துக்கொண்டது, பிள்ளையைக் கிணற்றுக்குத் தூக்கிப் போகச் சொன்னதும் அதுதான் என்று முடிவாயிற்று. மாரியம்மன் கோயில் திருநீறு வந்தது. அக்காவைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அறையைப் பூட்டினார்கள், அப்பா செய்ததிலேயே பெரிய பூட்டைப் போட்டு. ரெண்டே நாளில் அக்காவுக்குத் தலைவலி போனது, முகம் தெளிந்தது. திருநீற்றின் மகிமை என்றார்கள். அறையை மாற்றியதற்குக் காரணம் தப்பு, மாற்றியது சரி. விளக்கை வைத்துப் பார்த்ததற்குக் காரணம் சரி, கண்டது தப்பு. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மாமியார் நல்லவர்தான். அக்காவைத் தள்ளி வைக்கவில்லை. தை பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனார். ஆனால் ஒரு முறை பிடித்தது மறுபடியும் பிடிக்கலாம் என்பதால், பால் கொடுக்க மட்டும் பிள்ளையை அக்காவின் மடியில் வைப்பார். வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வார். நான் கோடை லீவுக்குப் போனபோது பார்த்தேன். அக்கா பிள்ளையின் தலையைத் தடவும்போதுகூட மாமியாரின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தடவினாள். பிள்ளை அப்பத்தாவின் பக்கத்தில் படுத்தே வளர்ந்தான். அக்காவுக்கு அதன் பிறகு பிள்ளை பிறக்கவில்லை.

பையன் வளர்ந்து பெரியவனாகி, செம்பட்டியில் தேங்காய் வியாபாரம் பண்ணுகிறான். அன்பானவன். கல்யாண வீடுகளில் பேச்சுவாக்கில், "எங்கம்மா என்னையக் கெணத்துல போடப் போனவுகதான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அக்காவும் சிரிப்பாள். அப்படி ஒரு சிரிப்பை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

போன குளிர்காலத்தில் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். எங்கோ மலைப்பக்கம், குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை வைத்துப் படுத்தவர்கள் விடிந்து எழுந்திருக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது, புகை இல்லை என்று போட்டிருந்தது. புகை இல்லை என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் மருமகளிடம் கேட்டேன். கரிக்குப் போதுமான பிராணவாயு கிடைத்தால் முழுசாக எரியும், சாம்பலைப் போட்டு மூடினால் அரைகுறையாக எரியும், அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனையும் கிடையாது என்றாள். கங்கின் மேல் நான் ரசித்த நீலச் சுடர் அந்த வாயு எரிவதுதானாம். சாம்பலுக்குள்ளிருந்து எரியாமல் அறைக்குள் வந்ததும் அதேதான். மண் உருண்டைக்குள் இரும்பிடமிருந்து பிராணவாயுவைப் பறித்து, பூட்டுகளைக் கறுக்காமல் காப்பாற்றியதிலும் அதற்குப் பங்கு உண்டாம்.

"இரும்புகிட்டப் பறிக்கிற மாதிரி நம்ம ரத்தத்துல இருந்தும் பறிச்சிருதா?" என்றேன். பாடம் புரிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

"பறிக்கலைங்கத்தை. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கள்ல, அந்த மாதிரி. பிராணவாயு உக்கார வேண்டிய இடத்துல இது துண்டைப் போட்டுரும். வெளிய எவ்வளவு பிராணவாயு நின்னாலும் ஏற முடியாது" என்றாள்.

"அப்ப விளக்கு?"

"விளக்குக்கு ஏதுத்தை ரத்தம்? காத்துல பிராணவாயு இருந்தா அது பாட்டுக்கு எரியும்."

எனக்கு மறுபடி குழப்பம்தான். ஒரே வாயு ஓரிடத்தில் பறிக்கிறது, ஓரிடத்தில் துண்டு போடுகிறது, ஓரிடத்தில் நீலமாக ஆடிப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறது. ஆனால் ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் தெரிந்தது. அந்த விடியற்காலையில் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது காற்றைத் தேடி.

செம்பட்டிக்குப் போனேன். அக்காவின் பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அக்கா சமையலறை ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கரி, சாம்பல், நீலச் சுடர், துண்டு. அவள் கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். விளக்குக்கு வந்தபோது கை நின்றது.

"அம்புட்டுப் பேரும் விளக்கைத்தாண்டி பாத்தாக. அது எரிஞ்சா போதும்னு இருந்துட்டாக. பக்கத்துல சாஞ்சு கெடந்தேன், என்னைய ஒருத்தரும் பாக்கல" என்றாள்.

பிறகு திரும்பவும் கீரையை எடுத்துக்கொண்டு, "அவன்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா இன்னும் புத்தி தெளியலம்பான்" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவனிடம் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டான். பாதியில் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். "அந்த நேரம் தூக்கிட்டு ஓடலேன்னா நீ இல்லப்பா" என்று முடித்தேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். "நெசமாம்மா?"

"எனக்கென்ன தெரியும். உன் சித்தி படிச்சவ, சொல்றா. நான் தலை வலிக்குதுன்னுதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

அவன் கை கழுவிவிட்டு வந்தான். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பச்சைப் பிள்ளையை அக்காவோடு தனியாக விடமாட்டார்கள். தாய் குளிக்கப் போனால், பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருந்தாலும் அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் எல்லாம் செத்துப் போய்விட்டார்கள், கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அன்றைக்கும் அடுத்த வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவளிடம், "நீ போம்மா" என்றான். தொட்டிலிலிருந்து பேரனை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தான். கீரைத் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"செத்த வெளிய வாங்க சித்தி" என்று என்னையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் பதறி வந்தது. "ஏலே, எங்க போறீக? யாராச்சும் கூட இருங்கடா. ஏண்டி, நீயாவது வாடி."

நான் திரும்பினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்த வயதில் அவளை இப்படித் தவிக்க விடுவது சரியா தப்பா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. கதவு விரியத் திறந்துதான் இருந்தது, நாங்கள் இருவரும் பஸ் போவதைப் பார்த்தபடி நின்றோம்.

இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. பிள்ளை சிணுங்குவது கேட்டது. அதன் பிறகு அக்கா மெதுவாக ஏதோ பேச ஆரம்பித்தாள். எங்களிடம் பேசவில்லை.